பாதி கழுவிய முகம்

படத்தைப் பார்த்ததும் காசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிரியம்வதாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. "பார்த்தவங்க கண்ணு கலங்கணும், அதுதான் படம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டோ பாடம் நடத்தும் சென்னை மாஸ்டர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது இன்றைக்குத்தான் அவளுக்கு வாய்த்தது.

"அழாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் முகம் அப்படி! அதைப் பார்த்து அழாதவங்க கிடையாது."

விருத்தாசலத்தில் கணக்கு டீச்சர் அவள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேமராவை மாட்டிக்கொண்டு, தெருவில் வித்தை காட்டிப் பிழைப்பவர்களைத் தேடிக் கிளம்பிவிடுவாள். கயிற்றில் நடப்பவர், சாட்டையால் அடித்துக்கொள்பவர் என்று ஆயிரம் படம் எடுத்ததில் தேறியது இந்த ஒன்றுதான். பாலக்கரைக் குழாயடியில் காசியம்மாளின் புருஷன் பக்கிரி அனுமார் வேஷத்தைக் கலைத்துக்கொண்டிருந்தபோது எடுத்தது. ஒரு கன்னத்தில் பச்சைச் சாயம், மறு கன்னத்தில் நரைத்த தாடி, கக்கத்தில் சுருட்டி வைத்த தேங்காய்நார் வால்.

இப்போது அவர் வீட்டில், அவர் துடைத்துப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"போட்டியில கடைசிப் பத்துப் படத்துக்குள்ள வந்துட்டோம் அண்ணே! நீங்க சம்மதம்னு ஒரு கையெழுத்து போடணும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பலைன்னா தள்ளிடுவாங்க."

பக்கிரி தாளையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்று தாளை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினாள். "ரிட்டயர் ஆவறதுக்குள்ள ஒரு படமாவது ஆடாம அசையாம வருமாடீ?" என்று கேட்கும் கணவருக்குப் பதில் சொல்ல அவளிடம் இருந்தது இந்த ஒரு படம்.

அன்றைக்குக் குழாயடியில் பேர் கேட்டபோதே இவர் நெளிந்தது ஞாபகம் வந்தது.

"பேரெல்லாம் எதுக்குங்க டீச்சர்?"

"பேர் போடாம விட்டா உங்களை வேடிக்கைப் பொருளாக்கின மாதிரி ஆயிடும். எங்க மாஸ்டர் திட்டுவார்."

"அப்ப பீங்கான் கம்பெனியில வேலைன்னு எழுதிக்கிடுங்க. மழைக்காலத்துல அங்கதான் சுமக்கப் போறேன்."

"நல்லா இருக்கே! அனுமாரா நிக்கிறவரைச் சுமை தூக்கறவர்னு எழுதுவேனா? உங்க தொழிலுக்கு நீங்களே வெட்கப்படலாமா?"

வகுப்பில் பையன்களை அடக்குவதுபோல அவர் வாயை அடைத்துவிட்டு, 'பக்கிரி, அனுமார் வேஷக் கலைஞர், கம்மாபுரம்' என்று படத்துக்கு அடியில் பெரிய எழுத்தில் போட்டாள்.

காசியம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இத எத்தினி பேருங்க பாத்திருப்பாங்க, டீச்சரம்மா?"

"பேஸ்புக்குல மட்டும் பன்னெண்டாயிரம் பேர் அடுத்தவங்களுக்கு அனுப்பியிருக்காங்க! உங்க வீட்டுக்காரரைத் தெரியாத ஆளே இனி இந்த ஜில்லாவுல கிடையாது."

"ஆமாங்க" என்றாள் காசியம்மாள். "கிடையாது."

"மோகனப்பிரியா எங்கே? இங்க பக்கத்துல மங்களூர்ல மாப்பிள்ளை பார்த்துத் தட்டு மாத்தியாச்சு, தையில கல்யாணம்னு அன்னிக்குச் சொன்னீங்களே. கூப்பிடுங்க, அவளும் அப்பாவைப் பார்க்கட்டும்."

"உள்ள படுத்திருக்குதுங்க."

"பட்டப்பகல்லயா? தூங்கட்டும், தூங்கட்டும். தை பிறந்துட்டா மாமியார் தூங்க விடணுமே!"

சிரித்தது அவள் மட்டும்தான்.

பக்கிரி சட்டென்று கையை நீட்டினார். "குடுங்க டீச்சர். எங்க போடணும்?"

தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு பேரையும் ஊரையும் நிதானமாக எழுதினார். 'தொழில்' என்றிருந்த கட்டத்தில் பேனா நின்றது. ஒரு மூச்சு விட்டார். 'வேசம் கட்டுறது' என்று எழுதி, கீழே கையெழுத்தைப் போட்டார்.

பிரியம்வதாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

"பார்த்தீங்களா! அன்னிக்கு அவ்வளவு கூச்சப்பட்டீங்க. இன்னிக்கு நீங்களே தைரியமா எழுதறீங்க. ஒரே ஒரு படம் மனுஷனை எப்படி நிமிர்த்திடுது!"

பக்கிரி பேனாவை மூடி அவளிடம் கொடுத்தார். அவள் தாளைப் போனில் படம் பிடித்து அங்கேயே அனுப்பினாள். வந்து சேர்ந்தது என்று போட்டிக்காரர்களிடமிருந்து பதில் வந்தபோது மணி நாலேகால். அப்பாடா என்றிருந்தது.

காசியம்மாளின் மடியிலிருந்த படத்தை எடுத்து, அதன் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள் பிரியம்வதா.

"இது உங்களுக்குத்தான் அண்ணே. ஃப்ரேமெல்லாம் போட்டுக் கொண்டுவந்தது அதுக்குத்தான். பொண்ணு கல்யாணத்துக்கு என்னோட அன்பளிப்பு. வாசப்படி ஏறினதும் மாப்பிள்ளை கண்ணுல படற மாதிரி மாட்டுங்க."

காசியம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பக்கிரி இரண்டு கையாலும் படத்தைப் பதமாகப் பிரியம்வதா பக்கமே தள்ளினார்.

"நீங்களே வச்சுக்கிடுங்க டீச்சர். எங்களுக்கு ஒண்ணு இருக்குது, மங்களூர்க்காரங்க நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பினப்ப மேல வச்சு அனுப்பினாங்க."