கேட்டுவிட்டுப் போகலாம்

வரைபட நிறுவனத்தின் உரிமப் பிரிவிலிருந்து தேவசகாயம் அந்த மலைக்கு வந்திருந்தார். சிக்னல் எட்டாத வீடுகளுக்கு மருந்து கொண்டுபோகும் நர்சுகளுக்காக, பூங்கோதை நிறுவனத்தின் வரைபடத்தைத் தான் உருவாக்கிய செயலியிலேயே இறக்கி வைத்திருந்தாள்.

"நெட்டுல பாக்கலாம்மா. சேமிச்சு வைக்கத்தான் கூடாது."

"இங்க நெட்டே கிடையாதே சார்."

"அதுக்கு விதியில இடமில்லம்மா."

பூங்கோதை அந்த வரைபடத்தை அவர் கண்முன்னாலேயே அழித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். ஜீப்பில் ஏறிய பிறகுதான் தேவசகாயம் தன் கைபேசியைப் பார்த்தார். சிக்னல் இல்லாததால் வரைபடத் திரை வெறும் வெள்ளையாக இருந்தது. காலையில் பால் வண்டிக்குப் பின்னாலேயே வந்துவிட்டவருக்கு ஒரு திருப்பமும் நினைவில்லை. பனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது. கூச்சத்தோடு திரும்பி வந்து வழி கேட்டார்.

எந்த ஓடையைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பூங்கோதை நிதானமாகச் சொன்னாள். அவர் பேனாவை எடுத்தார்.

"எழுதி வைக்கக் கூடாது சார். கேட்டுட்டுப் போலாம்."

அவர் பேனாவை மூடிவிட்டுப் போனார். அரை மணியில் திரும்பி வந்து மறுபடி கேட்டுப் போனார். மூன்றாவது முறையும் ஜீப் சத்தம் கேட்டபோது, பூங்கோதை டீக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள்.