நாலாவது மெஷின்

“வெள்ளிக்கிழமை ஒரு மெஷினை நிப்பாட்டத்தான் வேணும், பிள்ளை. எதை எண்டு நீர் எழுதுற கணினிக் கட்டளை சொல்லட்டும்.”

கணினி நிலையத்தை நடத்தும் குகநேசன் சேர் சொல்லிவிட்டுப் போனதும் நிலக்ஷி விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். நாலாவதாகத்தான் இருக்கும். அதைக் கணக்கோடு காட்டிவிட வேண்டும்.

ஹட்டனில் இருந்த அந்தக் கணினி நிலையத்தில் உண்மையில் இருந்தது ஒரே ஒரு பெரிய கணினி. அதற்குள்ளே ஐந்து மெய்நிகர் கணினிகள், வெளியே ஐந்து திரைகள். 2008-இல் அது ஊருக்கே புதுசு. இப்போது நினைவகம் போதவில்லை என்பது சேரின் கவலை. ஒன்றை நிறுத்தினால், அதில் படிப்பவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நாலாவது, நோட்டன் பிரிட்ஜிலிருந்து வரும் ஜெயகாந்தனுடையது. காலையில் வந்து உட்கார்ந்தால் யார் கேட்டாலும் எழும்ப மாட்டான். எதையாவது திறப்பான், மூடுவான், சன்னல் வழியே மழையைப் பார்ப்பான்.

“வேரு விட்டுருச்சு,” என்பாள் பக்கத்துத் திரை வீரம்மா. “தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தியோட வந்தாத்தான் எந்திரிப்பான்.”

நிலக்ஷியும் சிரிப்பாள்.

அவளுக்கென்று மெஷின் கிடையாது. லிந்துலைத் தோட்டத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் அரைநாள் வேலை. முடித்துவிட்டு ஓடி வந்தால், கடைசி பஸ்ஸுக்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கும். ஜெயகாந்தன் அந்நேரம் டீ குடிக்கப் போயிருப்பான். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். அவளுடைய அதிர்ஷ்டம். நாலாவது நின்றால் அதுவும் போகும்; ஆனாலும் கணக்கு கணக்குத்தான்.

வியாழக்கிழமை கட்டளை தயார். ஒரு சொல்லைத் தட்டினால் ஐந்து மெஷினிலும் எவ்வளவு நினைவகம் மிச்சம் என்று ஐந்து வரி வரும். எல்லோரும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

தட்டினாள். நாலாவதில் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

“பாத்தீங்களா சேர்! மொத்தத்தையும் முழுங்கிட்டான்!” வீரம்மா கைதட்டினாள்.

ஜெயகாந்தன் குடையை எடுத்துக்கொண்டான். “சரிங்க சேர். நாளையிலயிருந்து நான் வரலீங்க.”

நிலக்ஷி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் இருங்க சேர்.”

“என்ன பிள்ளை?”

“நினைவகம் தீந்துபோன மெஷின் நொண்டணும். இதுல நான் உக்காந்தா எல்லாம் தட்டுன உடனே தெறக்குதுங்க. என் கணக்குலதான் ஏதோ தப்பு.”

“பஸ் போயிடுமே.”

“போகட்டுங்க.”

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. அவள் நிமிரவில்லை. வரி வரியாகப் படித்தாள். பிடிபட்டுவிட்டது. வெறுமையாகக் கிடக்கும் இடத்தை மட்டும்தான் அவளுடைய கட்டளை எண்ணியிருந்தது. ஒருமுறை திறந்த கோப்பை, அடுத்த முறை சட்டென்று எடுத்துத் தர, மெஷின் சும்மா கிடக்கும் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. வேறு வேலைக்கு இடம் தேவைப்பட்டால் அக்கணமே விட்டுக்கொடுத்துவிடும். அப்படியானால் அதுவும் மிச்சம்தான்.

அதையும் சேர்த்துக் கூட்டச் சொல்லி மீண்டும் தட்டினாள்.

ஐந்திலும் தாராளமாக இருந்தது. நாலாவதில்தான் எல்லாவற்றையும்விட அதிகம்.

குகநேசன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப ஒண்டையும் நிப்பாட்டத் தேவையில்லை.”

வீரம்மாவுக்கு மட்டும் ஆறவில்லை. “அதெல்லாம் சரி. காலையிலயிருந்து அப்படி என்னத்தைத்தான் தெறந்து தெறந்து மூடுறான்? கேளுங்க சேர்.”

“சொல்லும் தம்பி.”

ஜெயகாந்தன் குடையின் கம்பியைத் திருகினான். நிலக்ஷியின் பக்கம் பார்க்கவே இல்லை.

“இவங்க படிக்கிற பாடத்தைத்தாங்க சேர். மொத தடவை தெறக்க ரொம்ப நேரம் எடுக்குது. இவங்களுக்கு இருக்கிறதே ஒரு மணி நேரந்தானுங்களே.”