காகம் வரும் மாடி

வடுகபட்டியில் காகம் வந்திறங்கும் மாடி ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அது பூண்டு மண்டிக்காரர் தர்மலிங்கத்தின் வீட்டு மாடி. நேரலை இயற்கைத் தொடருக்கு இடம் பார்க்க வந்த பிரதீபாவிடம் அரை நாள் இழுத்துப் பேரம் பேசி, ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். தன் சாமர்த்தியத்தில் அவருக்கே பெருமை தாங்கவில்லை.

அப்போது அவர் மனைவி ரஞ்சிதம், மகளின் பிரசவத்துக்குப் போகப் பெட்டியோடு வந்தாள்.

“அம்மா, நீங்க ஊரைவிட்டுப் போகக் கூடாதுங்க,” என்றாள் பிரதீபா.

“மாடியத்தானேம்மா குடுத்தேன்?” என்றார் தர்மலிங்கம்.

“மாடி இல்ல சார். நேத்து நீங்க சோறு வச்சப்ப ஒரு காக்காகூட வரல. அம்மா கூப்பிட்டதும் பதினொண்ணு வந்துச்சு. ஒப்பந்தத்துல லொகேஷன்னு அவங்க பேரைத்தான் போட்டிருக்கோம்.”

தர்மலிங்கம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொகை இருந்த வரியைத் தவிர வேறெதையும் அவர் படித்திருக்கவில்லை.

“அப்ப மாடி யாரோடது? இவ யாரோடவ?” என்று பொதுவாகக் கேட்டார்.

“மூட்டையப் பிரிச்சுப் பாக்காம பூண்டுக்கு விலை பேச மாட்டீங்களே,” என்று ரஞ்சிதம் போனை நீட்டினாள். “உங்க மககிட்ட நீங்களே சொல்லுங்க, உன் அம்மாவக் காக்காய்க்குக் குத்தகை விட்டுட்டேன்னு.”