இருபத்தெட்டாவது புத்தகம்

ஆண்டின் கடைசி நாள், மாலை வகுப்புக்குக் கிளம்பும் முன் வாசிப்புக் குறிப்பேட்டைச் சரிபார்த்தேன். நாற்பது புத்தகங்கள், எதிரே முடித்த தேதிகள். இருபத்தெட்டாவதன் தேதி மட்டும் பொய். நூலகத்துக்குப் புதிதாக வந்த நாவலின் இரண்டாம் பாகம் அது. நான் திறக்கவே இல்லை. எப்படியும் படித்து அந்தத் தேதியை உண்மையாக்கிவிடலாம் என்று ஏழு மாதங்களாகப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். யாரோ கேட்கிறார் என்று நூலகர் சொன்னபோதெல்லாம், "இன்னும் கொஞ்சம்தான் மேடம்" என்றேன்.

அன்று வகுப்புக்குப் போகும் வழியில் நூலகத்தில் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. "இனி யாருக்கும்மா? தேவசகாயம் சார் முதல் பாகம் முடிச்சிட்டு சனிக்கிழமை தவறாம வந்து கேட்டாரு. இப்ப அவருக்குக் கண்ணு சுத்தமாத் தெரியல. பின்தெருதான் வீடு, கதையையாவது நீயே போய்ச் சொல்லு."

வகுப்பை விட்டுவிட்டுப் போய், புத்தகத்தின் பெயரைச் சொல்லி அவர் கையில் கொடுத்தேன். தேவசகாயம் அதன் அட்டையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"நீதானா அந்தக் கல்நெஞ்சக்காரி! நிறுத்தி நிதானமாப் படிச்சிருக்கே, பரவாயில்ல. அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பினாளா? அத மட்டும் சொல்லிடு."

"கொஞ்சம் இருங்க சார்" என்று புத்தகத்தை வாங்கி விரித்தேன். அதுவரை யாரும் பிரித்திராத முதுகின் பசை, படபடவென்று விட்டது.

அவர் முகம் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. சிரிப்பு மெல்ல அடங்கியது.

"ஏழு மாசமாவா?" என்றார்.

நான் முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினேன்.