உயரம் காட்ட நின்றவள்

தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் ஆராய்ச்சி நிலையத்தில், பஞ்சநதம் சாரின் பழைய கட்டுரையை எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று எண்ணுவது தவமணியின் வேலை. எண்ணிக்கை கூடினால் நிலையத்துக்குத் தரவரிசையில் முதலிடம்.

பயிரின் உயரம் தெரிய ஒரு கூலியாளைப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுப்பார்கள். சாரின் கட்டுரையில் நின்றவள் தவமணியின் அம்மா அஞ்சம்மாள். அந்த வருட அறுவடையிலேயே, கூலித் தகராறில் ஊர்ப் பண்ணையாரின் அடியாட்கள் அவளை வெட்டிக் கொன்றார்கள்.

"படத்துக்குக் கீழ அம்மா பேரைப் போடச் சொல்லி எத்தனை தடவை சார் கேக்குறது?"

"பயிருக்குத்தாம்மா பேரு. அளவுக்கு நிக்கிறவளுக்கு எதுக்கு? நீ எண்ணுற வேலையைப் பாரு."

"அப்ப பிலிப்பைன்ஸ் வயல்லயும் எங்கம்மா ஏன் சார் நிக்குது?"

சார் அடுத்த தாளில் கையெழுத்துப் போட்டார்.

மேற்கோள் காட்டிய ஒவ்வொரு கட்டுரையின் படத்திலும், எந்த நாட்டு வயலானாலும், பயிருக்குப் பக்கத்தில் அஞ்சம்மாள்தான் நின்றாள். இன்று ஜப்பானிலிருந்து வந்த புது இதழைத் தவமணி பிரித்தாள்.

அம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது.