முந்நூற்று நாற்பது கட்டம்

"கெதியா அளவுங்கோ மிசி. இவன் முழிச்சானெண்டால் விடமாட்டான்" என்றாள் மார்கிறட், மகனை மடியில் வைத்தபடி.

நான் முதலில் என் தலைமயிரைச் சரிசெய்தேன். முல்லைத்தீவுக் கடற்காற்றில் சைக்கிள் ஓடி வந்தால், காதுக்கு மேலே புடைக்க வாரியதெல்லாம் படிந்துவிடும். கரையில், ஊர் மருத்துவிச்சியான எனக்கு 'சினிமாக்கார மிசி' என்று பட்டம். இருக்கட்டும்.

பிள்ளையின் பெயர் கொன்ஸ்ரன்ரைன். வயது ஆறு மாதம். தலையைவிடப் பெயர்தான் நீளம் என்று பகிடி விடுவேன்.

உண்மையில் தலையும் நீளந்தான். இரண்டு பக்கமும் ஒடுங்கி, பிடரி தோணியின் முன்முனையான அணியம் போல நீண்டிருந்தது. உச்சியில் எலும்புகள் சேரும் மூட்டு, நேரத்துக்கு முன்பே ஒட்டிவிட்டதாம். மாதம் ஒருமுறை அளக்கச் சொன்னார் டொக்டர். வளர்ச்சி நின்றால் உடனே கொழும்புக்கு அனுப்பி மண்டையை வெட்ட வேண்டும்.

அதற்கு அளவு நாடா போதாது. உருண்டைத் தலைக்கும் நீளத் தலைக்கும் நாடா ஒரே கணக்கைச் சொல்லிவிடும்.

அதனால் மார்கிறட்டின் புருசன் அல்பேர்ட், வலையில் கட்டும் ஈயத்தைத் தட்டி நீளமான ஒரு கம்பி செய்து தந்திருந்தான். ஈயம் வளைத்த இடத்தில் நிற்கும்.

பிள்ளையின் காதுக்கு மேலாகச் சுற்றினேன். குலையாமல் கழற்றி, '1961' என்று மட்டையில் எழுதிய சதுரக்கோட்டுக் கொப்பியில் வைத்து, உட்பக்கமாகப் பென்சிலால் கோடிழுத்தேன். பிறகு கோட்டுக்குள் அகப்பட்ட கட்டங்களை எண்ணினேன். இந்த வேலையில் எனக்குப் பைத்தியம். அரைக் கட்டத்தைக்கூட விடமாட்டேன்.

போன மாதம் முந்நூற்றிருபத்தொன்று. இன்று முந்நூற்று நாற்பது.

வளர்கிறது! எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

மார்கிறட் சிரிக்கவில்லை.

"குளிக்க வார்க்கேக்கை நான் தலையை உருட்டிப் பிடிக்கேல்லை எண்டு எல்லாரும் என்னைத்தான் சொல்லுகினம். இவனுக்குப் படிப்பு ஏறுமே மிசி?"

பிறந்த பிள்ளையின் தலையைக் கையால் உருட்டிப் பிடித்தால் உருண்டையாகும் என்பது ஊர் நம்பிக்கை. மூட்டு ஒட்டிவிட்டால் எந்தக் கையாலும் ஒன்றும் செய்ய முடியாது, அது உன் பிழையும் இல்லை என்று மூன்று மாதமாகச் சொல்கிறேன். தலையாட்டுவாள். அடுத்த மாதம் திரும்பவும் அதையே கேட்பாள்.

எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. என் அம்மா சாகும்வரை தன் கையைத்தான் நொந்துகொண்டாள்.

"பிள்ளையைப் பாயிலை கிடத்தும்" என்றேன்.

கொண்டையூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வெட்கமாக இருந்தது. அம்மாவுக்குப் பிறகு என் தலையை யாரையும் தொடவிட்டதில்லை. கம்பியை நிமிர்த்தி மார்கிறட்டின் கையில் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக என் தலையில் சுற்றி, கழற்றி, கொப்பியின் அதே பக்கத்தில் கோடிழுத்தாள்.

கரையிலிருந்து வந்த அல்பேர்ட், திறந்து கிடந்த கொப்பியை எட்டிப் பார்த்தான்.

"இதென்ன, தோணிக்குள்ளை தோணி? உள்ளுக்கை இருக்கிறது மகன்ரை. வெளியாலை கிடக்கிறது ஆரின்ரை?"

மார்கிறட் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சீப்போடு என் பின்னால் நின்று, காதுக்கு மேலே வழக்கம்போல மயிரைப் புடைக்க விட்டு வாரத் தொடங்கினாள்.

"வேண்டாம்" என்றேன். "படிய வாரும்."