கோபாலசாமியின் தலையாட்டல்

லேப்டாப்பில் பனி பெய்துகொண்டிருந்தது. ராஜலக்ஷ்மி அந்த சி.டி.யை நாலாவது முறையாக ஓடவிட்டிருந்தாள்.

கலிபோர்னியாவின் மில்பிடாஸ் வெயில் ஜன்னல் வழியே வந்து திரைமேல் படிந்ததில், பனி இந்த அறைக்குள்ளேயே விழுவதுபோல இருந்தது.

திரையின் ஓரத்தில் தேதி: பிப்ரவரி 2002. ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன நாட்டின் கோர்ட், அதன் ஜன்னலுக்கு வெளியேதான் பனி. கூண்டில் கோபாலசாமி, ஓட்டல் வேலைக்குப் போன இடத்தில் கொள்ளை வழக்கில் மாட்டிக்கொண்டவர்.

நீதிபதி தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் என்னவோ கேட்டார். மேஜைமேல் இருந்த ஸ்பீக்கர் போன் அதைத் தமிழில் சொன்னது. பெண் குரல். பின்னணியில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"உங்களுக்கு வக்கீல் வேணுமாங்க?"

கோபாலசாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. தமிழைக் காதால் கேட்டு எத்தனை நாளாயிற்றோ. வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் இப்படியும் அப்படியுமாக ஆட்டினார்.

கல்யாணப் பந்தியில் இன்னும் கொஞ்சம் பாயசம் போடட்டுமா என்றால் போடுங்கள் என்று ஆட்டுவோமே, அதே ஆட்டல். நம்மூரில் சின்னப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரியும்.

அந்த நீதிபதிக்குத் தெரியவில்லை. வேண்டாமாம் என்று சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார். வக்கீல் இல்லாமலே விசாரணை. ஒன்பது வருஷம் ஜெயில். ஆறு கழிந்துவிட்டது.

கோபாலசாமி வக்கீலை மறுக்கவே இல்லை என்று காட்டிவிட்டால், அது நியாயமான விசாரணையே இல்லை என்று ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் சொல்லக்கூடும். வழக்கை மறுபடி நடத்தலாம். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் எழுதித் தரச் சொல்லி, அவருடைய புது வக்கீல் ராஜலக்ஷ்மியைத் தேடிப்பிடித்திருந்தார்.

இரண்டு வரியில் எழுதியும் விட்டாள். கையெழுத்துதான் பாக்கி. அதற்குத்தான் கை வரவில்லை.

அஞ்சனா ஜூஸ் டம்ளரோடு வந்து, அம்மாவுக்கும் வேண்டுமா என்றாள். ஆறு வயது. ராஜலக்ஷ்மி திரையிலிருந்து கண்ணெடுக்காமல் தலையை ஆட்டினாள்.

"அம்மா, இஸ் தட் எ யெஸ் ஆர் எ நோ?"

இங்கேயே பிறந்த குழந்தை. பாவம், தெரியவில்லை. தெரியாததால் கேட்டுவிட்டது.

ராஜலக்ஷ்மி திரையிலிருந்து கண்ணெடுத்தாள். இந்த ஒரு கேள்வியைத்தான் அன்றைக்கு அந்தக் குரல் கேட்கவில்லை.

யெஸ் என்று வாய்விட்டுச் சொன்னாள். பேனாவை எடுத்தாள். வக்கீல் கேட்காததையும் கீழே எழுதினாள்.

'அன்று போனில் மொழிபெயர்த்த எனக்கு அவர் தலை தெரியாது. என் காதில் பதிலே விழவில்லை. வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள் என்று நான் நீதிபதியிடம் கேட்டிருக்க வேண்டும். குழந்தை அழுதாள். லைனை வைத்துவிட்டேன்.'

கையெழுத்துப் போட்டாள்.

அஞ்சனா ஜூஸைக் குடித்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே, பனிக்கு நடுவில், இன்னும் அவள் கைக்குழந்தையாய் அழுதுகொண்டிருந்தாள்.